இறங்க மறுத்த என்சைம்

நெஞ்சுவலியே இல்லாத ஒருவனைக் கொண்டுபோய் இதய நோயாளிகள் வார்டில் படுக்கவைத்தால் என்ன ஆகும் என்று ரேடியோவுக்கு இப்போது தெரிந்துவிட்டது. வலிக்க ஆரம்பிக்கும்.

மார்பெங்கும் ஒயர்கள். இடது கையில், நினைத்துக்கொண்டாற்போல் இறுக்கிப் பிழியும் பிரஷர் பட்டை. வலது கையில் ஊசி, விரல் நுனியில் கிளிப். கொஞ்சம் புரண்டு படுத்தால் தலைமாட்டில் மானிட்டர் கத்தியது. கத்தியதும் ஹெட் நர்ஸ் வந்தாள். அவள் முறைத்ததும் அவன் கட்டையாகப் படுத்தான். ஜன்னல் இருந்தது. திறக்க முடியாதபடி அதன் கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டிவைத்திருந்தார்கள். கீழே தெருவில் மனிதர்கள் இஷ்டத்துக்கு நடந்துகொண்டிருந்தார்கள். நடக்கிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவோம் என்று ரேடியோ கனவிலும் நினைத்ததில்லை.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் ஆன் செய்தால் நிற்கமாட்டான் என்பதால் எல்லோருக்கும் அவன் ரேடியோதான். அண்ணன் மனைவி நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன். அதாவது வெயிலில் நிற்பது, சுவரேறிக் குதிப்பது, அடிவாங்குவது ஆகிய துறைகளுக்குத் தனிப் பொறுப்பாளன். அவன் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, போலீஸ் அதிகாரிகள்கூட அவளை அண்ணி என்றே அழைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

எல்லாம் போன வாரம் டாக்டரம்மா அலுவலகப் படியேறி வந்ததில் ஆரம்பித்தது. அடைத்துப்போன இதயக் குழாய்களைத் திறப்பதில் கைராசிக்காரி என்று பெயரெடுத்தவள். அன்றைக்கு அந்தக் கைகள் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தன.

"ஹார்ட் அட்டாக் வந்தா இதயத் தசை கொஞ்சம் செத்துப்போகும். அதுலருந்து சில என்சைம் கசிஞ்சு ரத்தத்துல ஏறும்," என்றாள். "ஆஞ்சியோபிளாஸ்டி பண்ணி, அடைப்பை எடுத்து, ஸ்டென்ட் வச்சுட்டா, அதெல்லாம் மெதுவா இறங்கிடணும். என்கிட்ட ஒரு பெரியவர் இருக்கார். அவருக்கும் இறங்கிடுச்சு. இதயம் நல்லாத்தான் அடிக்குது. ஆனா சி.கே.ன்னு ஒரு என்சைம். அது கை கால் தசையிலயும் இருக்கும். அது மட்டும் இறங்கிட்டே வந்து, திடீர்னு திரும்பி ஏறுது."

"அப்படின்னா?" என்றாள் அண்ணி.

"உடம்புல வேற எங்கயோ தசை சிதையுது. கொழுப்பைக் குறைக்கற மாத்திரை சில பேருக்கு அப்படிப் பண்ணும். நிறுத்திப் பார்த்தேன். அப்பவும் ஏறுது. யாரோ அவருக்கு எதையோ கலந்து குடுக்கறாங்க, இல்லைன்னா ஊசி போடறாங்க. இப்படியே போனா சிறுநீரகம் படுத்துடும்."

"ஆஸ்பத்திரியில என்ன சொல்றாங்க?"

"என் வேலையில கோளாறுங்கறார் டைரக்டர். வெள்ளிக்கிழமை மீட்டிங். அதுக்குள்ள காரணம் சொல்லலைன்னா, இனிமே நான் ஆஞ்சியோ பண்ணக்கூடாதாம். பெரியவரை வீட்டுக்கு அனுப்பவும் பயமா இருக்கு, வச்சிருக்கவும் பயமா இருக்கு. நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கறேன்."

அண்ணி திரும்பி ரேடியோவைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குப் பழக்கம். அதற்குப் பிறகு நல்லது எதுவும் நடந்ததில்லை.

"உனக்கு எப்பவாவது நெஞ்சு வலிச்சிருக்கா?"

"கல்யாணத்தன்னிக்குக் காலையில லேசா, அண்ணி."

"போதும். இவனை அந்தப் பெரியவருக்குப் பக்கத்துப் படுக்கையில அட்மிட் பண்ணிடுங்க டாக்டர்."

இன்றைக்கு அந்த வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

பக்கத்துப் படுக்கைப் பெரியவர் மெலிந்த, நீண்ட கால்களுள்ள மனிதர். ரேடியோவின் ஜோக்குகளுக்கு அவன் வாழ்க்கையில் யாருமே சிரிக்காத அளவுக்குச் சிரித்தார். அதனாலேயே அவரைக் கொல்லப் பார்க்கிறவன் மேல் ரேடியோவுக்குத் தனிக் கோபம். அந்த ஆள் யார் என்பதிலும் அவனுக்குச் சந்தேகமில்லை. மகன். தினமும் காலையிலும் சாயங்காலமும் பிளாஸ்க்கில் சூப் கொண்டுவந்து, தானே ஸ்பூனில் ஊட்டிவிடுவான். வேறு யார் கொடுப்பதையும் தொடவிடமாட்டான். "கையை அசைக்காதீங்கப்பா. நான் இருக்கேன்ல?" என்பான். பெரியவர் சுவரைப் பார்த்தபடி விழுங்குவார்.

அண்ணி பார்வையாளராக வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், பெரியவர் கண்ணயர்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு ரேடியோ கிசுகிசுத்தான்.

"ஆள் கிடைச்சாச்சு அண்ணி. பையன்தான். பாசத்துல எருமைப்பால் மாதிரி இருக்கான், அவ்வளவு கெட்டி. உண்மையான பாசம் இப்படி இருக்காது. என் அண்ணனையே எடுத்துக்குங்க, எனக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுத்திருக்கானா?"

"நீ திருடிக் குடுத்த சூப்பை லேப்ல பார்த்தாச்சு. உப்பு இல்ல. அதைத் தவிர ஒரு குத்தமும் இல்ல."

"அப்ப ஊசி. தொடையில போடறான். பெரியவர் கட்டில்ல உட்காரும்போது நெஞ்சைப் பிடிக்கல அண்ணி, தொடையைப் பிடிச்சுக்கிட்டு அம்மாடிங்கறார்."

அண்ணியின் புருவம் லேசாக உயர்ந்தது. "ரெண்டு தொடையுமா?"

"ரெண்டும்."

"ஞாயித்துக்கிழமை பையன் எத்தனை நேரம் இருந்தான்?"

"காலையில வந்தவன் விளக்கு போட்டப்புறம்தான் போனான். அன்னிக்கு அவனுக்கு லீவு."

"திங்கட்கிழமை காலையில எடுத்த ரத்தத்துல மட்டும்தான்டா அந்த என்சைம் இறங்கியிருக்கு. நாள் முழுக்க விஷக்காரன் பக்கத்துல இருந்த அன்னிக்கு மட்டும் விஷம் வேலை செய்யலையா?"

ரேடியோ அவசரமாகப் புரண்டான். மானிட்டர் அவனுக்காக ஒரு முறை கத்தியது.

"ஞாயித்துக்கிழமை வேற என்ன வித்தியாசம்? யோசி."

"டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வரல. மத்த நாள்லாம் காலையில வந்து, 'நல்லா இருக்கீங்க, சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்'னு சொல்லிட்டுப் போவாங்க. அன்னிக்கு மட்டும் யாரும்..." ரேடியோ நிறுத்தினான்.

"ம். மருந்துக்கு ஏறல. வார்த்தைக்கு ஏறுது," என்றாள் அண்ணி.

அவள் மேலே பேசுவதற்குள் ஹெட் நர்ஸ் உள்ளே வந்தாள். கையில் மழிக்கும் கத்தி.

"உங்களைக் கீழே கூட்டிட்டுப் போறோம். பெரிய டாக்டர் உங்க ஈ.சி.ஜி. பார்த்தார். ஒரு வளைவு அவருக்குப் பிடிக்கலையாம். இன்னிக்கே ஆஞ்சியோ பண்ணிப் பார்த்துடலாம்னுட்டார்."

அவன் போலி நோயாளி என்பது டாக்டரம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். "டாக்டரம்மாவைக் கேளுங்க சிஸ்டர்!"

"அவங்க மீட்டிங்ல இருக்காங்க. யாரும் கூப்பிடக் கூடாதுன்னு உத்தரவு."

"எனக்கு ஒண்ணுமே இல்ல சிஸ்டர்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"நிஜமாவே ஒண்ணுமில்ல!"

"அதையும் சொல்வாங்க." அவள் அண்ணியிடம் திரும்பினாள். "நீங்கதானே சொந்தக்காரங்க? கையெழுத்துப் போடணும்."

"போட்டுட்டாப் போச்சு," என்றாள் அண்ணி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். ரேடியோ கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஒயர், ஊசி, பட்டை, கிளிப். எழுந்து ஓடவும் முடியாது. தன்னைப் பற்றித் தானே சொன்னால் எடுபடாத இடத்தில் இருப்பது இப்படித்தான் இருக்கும் என்று முதல் தடவையாக அவனுக்கு உறைத்தது.

பக்கத்துக் கட்டிலிலிருந்து மெல்லிய சிரிப்பு. பெரியவர் விழித்திருந்தார்.

"உன் பேச்சு இங்க செல்லாது தம்பி. படுக்கவச்சுட்டாங்கன்னா அப்புறம் நம்ம வாய் சொல்றதை எவனும் கேக்கமாட்டான். உடம்பு சொல்றதைத்தான் கேப்பான்." பிறகு நர்ஸிடம், "சிஸ்டர், ஒயரைக் கழட்டி விடும்மா. குளிச்சுட்டு வந்துடறேன்."

நர்ஸ் அவர் ஒயர்களை விடுவித்துவிட்டு, ஸ்ட்ரெச்சர் கொண்டுவரப் போனாள். பெரியவர் தொடைகளைப் பிடித்தபடி மெதுவாகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே குழாய் முழு வேகத்தில் திறந்துகொண்டது.

அண்ணி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவர் என்ன வேலை பார்த்தார்?"

"மீட்டர் ரீடர் அண்ணி. வீடு வீடாப் போய் கரண்ட் மீட்டர் பார்க்கறது. ஊர்ல ஏறாத மாடி இல்லையாம்."

"எவ்வளவு நேரம் குளிப்பார்?"

"யானையைக் குளிப்பாட்டற நேரம். வெளிய வரும்போது முகம் சிவந்து, மூச்சு வாங்கிட்டு வருவார். ஆனா ஒண்ணு, சோப்பு மட்டும் கரையவே மாட்டேங்குது. நான் போய்ப் பார்த்தா வறவறன்னு காஞ்சு கிடக்கு."

அண்ணி எழுந்தாள். குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில், சுவரில் ஒரு சின்ன இரும்பு மூடி இருந்தது. அதைத் திறந்து உள்ளே இருந்த வால்வைத் திருகி அடைத்தாள்.

தண்ணீர்ச் சத்தம் மெலிந்து நின்றது. அதன் அடியில் இத்தனை நாளும் மறைந்திருந்த சத்தம் இப்போது தனியாகக் கேட்டது. ஹூம்... முழங்கால் ஒன்று சொடுக்கியது. ஹூம்... செருப்பு கிறீச்சிட்டது. ஹூம்...

"பெரியவரே," என்றாள் அண்ணி கதவருகே, மெதுவாக. "உட்கார்ந்து எழுந்து பஸ்கி எடுத்தது போதும். வெளிய வாங்க."

உள்ளே எல்லாம் அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. பெரியவரின் தலை காய்ந்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திருடும்போது பிடிபட்டவர் போல நின்றார்.

"பஸ்கியா?" ரேடியோவுக்குக் குரலே எழும்பவில்லை. "ஸ்டென்ட் வச்ச நெஞ்சை வச்சுக்கிட்டா? அண்ணி, வாழ்நாள் பூரா ஊரார் மீட்டரைப் பார்த்த மனுஷர், கடைசியில தன் மீட்டரையே ஏத்தியிருக்கார்!"

"யார் சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"டாக்டரம்மாதான்." பெரியவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "என் கால்மாட்டுல நின்னு சின்ன டாக்டருங்களுக்குப் பாடம் நடத்தினாங்க. 'இந்த என்சைம் பயில்வானுக்கும் ஏறும், கடுமையா உடற்பயிற்சி பண்ணினா ஏறும், ஏறினா நாங்க வீட்டுக்கு அனுப்ப யோசிப்போம்'னு. நான் தூங்கறதா நினைச்சுக்கிட்டாங்க."

"வீட்டுல என்ன பயம்? பையன் அடிக்கறானா?" ரேடியோ எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"சேச்சே. என் கண்ணுல தூசி விழுந்தா அவன் அழுவான்." பெரியவர் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தார். "என் வீட்டுக்காரி மாடிப்படியில விழுந்து போய்ச் சேர்ந்துட்டா. பகல் நேரம். யாரும் பார்க்கல. அதுலருந்து அவன் வேலைக்குப் போகும்போது வெளிக்கேட்டைப் பூட்டிட்டுப் போவான். அப்புறம் என் ரூமுக்குள்ள கேமரா வச்சான். நான் எழுந்து தண்ணி எடுத்தா சுவத்துலருந்து குரல் வரும். 'அப்பா, என்ன பண்றீங்க? படுங்க.' ஜன்னல்கிட்ட நின்னா, 'அப்பா, காத்து ஆகாது.' ஊர்ல அத்தனை வீட்டு கேட்டும் எனக்குத் திறந்துச்சும்மா. என் வீட்டு கேட் மட்டும் திறக்கல."

ரேடியோ தன் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நீட்டினான்.

"அவன் கெட்டவனா இருந்தா சண்டை போட்டுட்டு வெளிய போயிருப்பேன். பாசக்காரன்கிட்டருந்து எப்படித் தப்பிக்கறது? நெஞ்சு வலிச்சப்போ எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடா, இப்பவாவது கேட்டைத் திறப்பான்னு. இங்க நர்ஸ் திட்டுறா, இந்தப் பிள்ளை ஓயாம பேசறான், தெரு தெரியுது. எனக்கு இது வெளியூர் வந்த மாதிரி."

ரேடியோவுக்குச் சொல்ல ஒரு ஜோக்கும் அகப்படவில்லை. அது அவனுக்கே பயமாக இருந்தது.

அண்ணி ஸ்டூலை அவர் எதிரில் போட்டுக்கொண்டாள். "ஆஞ்சியோ பண்ணும்போது உங்க உடம்புல ஒரு சாயம் ஏத்தியிருக்காங்க. அதை வெளியேத்தறதே சிறுநீரகத்துக்குப் பெரிய வேலை. நீங்க அது மேல தினம் தசையைச் சிதைச்சுக் கொட்டறீங்க. இன்னும் கொஞ்ச நாள் போனா டயாலிசிஸ் மெஷின்தான். உங்க பையன் போட்ட பூட்டுக்காவது சாவி இருக்கு. அதுக்குக் கிடையாது. அந்த நெஞ்சு ஒரு நாள் குளியலறையிலயே நின்னுட்டா, உங்க பையன் அடுத்தது தன் பிள்ளையையும் பூட்டி வைப்பான்."

பெரியவர் தலை குனிந்துகொண்டார்.

"இன்னொண்ணு. டாக்டரம்மா இப்ப இருக்கற மீட்டிங் உங்களைப் பத்தித்தான். உங்க என்சைம் ஏறினதுக்கு அவங்க கைதான் காரணம்னு சொல்லி, அவங்களை இனிமே ஆஞ்சியோ பண்ண விடமாட்டாங்க."

"அந்தப் பொண்ணையா?" அவர் நிமிர்ந்தார். "அவங்கதானே என்னைப் பிழைக்க வச்சாங்க!"

"நான் போய்ச் சொன்னா எவனும் நம்பமாட்டான். நீங்கதான் சொல்லணும். சொன்னா உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அது எனக்கும் தெரியும். நான் இழுத்துட்டுப் போகமாட்டேன்."

பெரியவர் ஜன்னலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தார். தொடைகள் வெடவெடவென்று நடுங்கின. ஓரடி வைத்ததும் தள்ளாடினார்.

ரேடியோ யோசிக்கவில்லை. மார்பிலிருந்த ஒயர்களை ஒரே இழுப்பில் பிடுங்கினான். ரோமத்தோடு வந்தன. பட்டையை உதறினான், கிளிப்பை வீசினான், ஊசிக் குழாயைக் கழற்றிவிட்டு அவருக்குத் தோள் கொடுத்தான். பின்னால் மானிட்டரில் நேர்கோடு ஓடியது. அலாரம் கட்டிடத்தையே எழுப்பியது.

வாசலில் ஹெட் நர்ஸும் இன்னும் சிலரும் மின்னதிர்ச்சி கொடுக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்கள்.

"சிஸ்டர், நான் செத்துட்டேன். கொஞ்சம் வழி விடுங்க," என்றான் ரேடியோ.

மீட்டிங் அறை அதே மாடியில், தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. அண்ணி கதவைத் தட்டவில்லை, திறந்தாள். நீள மேஜையின் ஒரு முனையில் டைரக்டர். இன்னொரு முனையில் டாக்டரம்மா, தீர்ப்புக்குக் காத்திருப்பவள் போல. நடுவில் பெரியவரின் மகன்; குடும்பத்தின் சார்பில் கேள்வி கேட்க அவனை அழைத்திருந்தார்கள்.

"அப்பா! ஏன் நடக்கறீங்க? உட்காருங்க!" மகன் பதறி எழுந்தான்.

"நீ உட்காரு," என்றார் பெரியவர்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. குளியலறை, குழாய், பஸ்கி, எல்லாவற்றையும் சொன்னார். ஏன் என்பதை மட்டும் மகனைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துச் சொன்னார். சொல்லி முடித்தபோது டாக்டரம்மா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

டைரக்டர் தொண்டையைச் செருமினார். "அப்ப... சரி. டாக்டர், நீங்க உங்க வேலையைப் பாருங்க," என்றார். அவரிடமிருந்து மன்னிப்பாக வந்தது அவ்வளவுதான்.

மகன் மட்டும் நின்றபடியே இருந்தான். "என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னேன்டா. கேமராவைப் பார்த்துச் சொன்னேன். 'ஆபீஸ்ல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசலாம்'னே."

மகனின் முகம் குழந்தை முகம்போலக் கோணியது. "அம்மாவை நான் பார்த்துக்காம விட்டேன். நீங்களும் விழுந்துட்டா நான் என்னப்பா பண்ணுவேன்?"

"விழுந்தா எழுந்துக்கறேன். இத்தனை நாளா அதைத்தானே பழகிட்டிருந்தேன்?"

ரேடியோ ஒருவன்தான் சிரித்தான். உடனே அடக்கிக்கொண்டான்.

டாக்டரம்மா எழுந்து மகனிடம் வந்தாள். "ஸ்டென்ட் வச்சவரை அசையாம வச்சிருந்தா சீக்கிரம் தேறிடுவார்னு நினைக்கறீங்க. நேர்மாறு. இப்ப கொஞ்ச நாள் ட்ரிப்ஸ், ஓய்வு. அப்புறம் தினம் வெளிய நடக்கணும். மாத்திரை மாதிரி அதுவும் மருந்து. தவறக் கூடாது."

"கேமரா?" என்றான் மகன் தீனமாக.

பெரியவர் யோசித்தார். "மாடிப்படியில வச்சுக்க. ரூம்ல வேண்டாம். ஆனா பேசறதை மட்டும் நிறுத்து. பேசணும்னா நேர்ல வந்து பேசு."

மகன் தலையாட்டினான். அது சம்மதமா, அழுகையை விழுங்கியதா என்று ரேடியோவுக்குப் புலப்படவில்லை.

ட்ரிப்ஸ் ஏறியது, என்சைம் இறங்கியது. அந்தத் தடவை இறங்கியது திரும்பி ஏறவில்லை. சிறுநீரகம் நூலிழையில் தப்பியது என்றாள் டாக்டரம்மா.

பெரியவர் வீட்டுக்குப் போகிற காலையில் அண்ணியும் ரேடியோவும் ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே காரில் இருந்தார்கள். வேலை முடிந்துவிட்டது; ஆனாலும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ரேடியோதான் சொன்னான். மகன் ஒரு வாடகைக் காரை டிரைவரிடம் சொல்லி வாசற்படியை ஒட்டி நிறுத்தவைத்து, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். பெரியவர் காரைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார்.

"அந்த முனை வரைக்கும் நடந்து வர்றேன். டாக்டரம்மா சொல்லியிருக்காங்க," என்று அவர் சொன்னது தெருவுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். பெரியவர் நடைபாதையில் இறங்கி, நீண்ட கால்களை எட்டி வைத்து, ஒவ்வொரு வீட்டு கேட்டையும் பார்த்துக்கொண்டே போனார். அவருக்குப் பக்கத்திலேயே, அவர் நடைக்கு ஈடாக, கார் ஊர்ந்து போனது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் திட்டின.

"பாருங்க அண்ணி, இன்னும் காவல் போகல," என்றான் ரேடியோ.

"நல்லாப் பாரு," என்றாள் அண்ணி, சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பியபடி.

ஊர்ந்துபோகும் அந்தக் காரின் பின்கதவு திறந்தே இருந்தது. அதை மூடவிடாமல் மகன் ஒரு கையால் பிடித்திருந்தான். முனை வந்தது. பெரியவர் காரில் ஏறவில்லை. முனையில் திரும்பி, மேலே நடந்துகொண்டே இருந்தார். கதவும் மூடவில்லை.